பாரா விளையாட்டில் சேர விரும்புகிறவருக்கு: கிளப் தேடுவது முதல் முதல் போட்டி வரை

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு என்றதுமே பதக்கக் கதைகள்தான் நினைவுக்கு வரும். பதக்கம் வரை போகிறவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்கு இதில் கிடைப்பது வேறு. வாரத்தில் இரண்டு நாள் வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரு காரணம் இருக்கும். போகாமல் விட்டால், "ஏன் வரவில்லை?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது என்று கூட்டங்களில் பெரிதாகப் பேசுகிறார்களே, நடைமுறையில் அது இவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன்.

தம்பிக்குத் தண்டுவடத்தில் அடிபட்ட பிறகு அவனை வீல்சேர் கூடைப்பந்தில் சேர்க்க நாங்கள் அலைந்ததில் பாதி வீண் அலைச்சல். எந்த அலுவலகம் எதற்கு, எந்தக் காகிதம் எப்போது தேவை, எதற்கு அவசரப்பட்டுப் பணம் போடக்கூடாது என்று வரிசையாகச் சொல்ல ஆள் இல்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு மாறும் விஷயங்களைத் தொடவில்லை. சர்வதேச விதிகளில் இருப்பதும், எங்கே இருந்தாலும் உதவுவதும் மட்டும் இதில் உண்டு.

## 1. எந்த அமைப்பு உங்களுக்கானது?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரியும். உண்மையில் மூன்று தனித்தனி அமைப்புகள். இதில் குழம்பி, சம்பந்தமே இல்லாத இடத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய.

பாராலிம்பிக் வழி. உடல், பார்வை, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கானது. மொத்தம் 10 வகைக் குறைபாடுகளை ஏற்கிறார்கள்: தசை வலுக்குறைவு, மூட்டு முழுதாக மடங்காமல் நீளாமல் இருப்பது, கை கால் இழப்பு அல்லது பிறவியிலேயே இல்லாமை, கால் நீள வேறுபாடு, உயரக் குறைவு, தசை இறுக்கம், அசைவுகள் ஒருங்கிணையாமை, தானாக வரும் அசைவுகள், பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு. இதில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பாராலிம்பிக் போட்டிகளில் தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ் மூன்றுதான் திறந்திருக்கின்றன. அவர்களுக்கான சர்வதேச அமைப்பு விர்டஸ். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் விர்டஸ் தன் போட்டிகளில் தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறது.

டெஃப்லிம்பிக்ஸ் வழி. செவித்திறன் குறைவு மட்டும் உள்ளவர்களுக்குப் பாராலிம்பிக்கில் இடமில்லை. அவர்களுடைய போட்டி இதுதான். நன்றாகக் கேட்கும் காதில் குறைந்தது 55 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும். அதைக் காட்டும் ஆடியோகிராம்தான் இங்கே முக்கியமான காகிதம். களத்தில் இறங்கும்போது காது கேட்கும் கருவியைக் கழற்றிவிட வேண்டும்.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் வழி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கானது. எந்தத் திறன் நிலையில் இருந்தாலும் சேரலாம். 8 வயது முதல் போட்டியில் கலந்துகொள்ளலாம், மேல் வயது வரம்பு கிடையாது. 2 முதல் 7 வயது வரை உள்ள குழந்தைகளுக்குத் தனியாக விளையாட்டுப் பயிற்சித் திட்டம் உண்டு. பங்கேற்க வீரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அவர்களுடைய விதி. யாராவது கேட்டால் சந்தேகப்படுங்கள்.

நாள்பட்ட வலி, சீக்கிரம் களைத்துப்போவது, மூட்டுத் தளர்ச்சி, இதயம் அல்லது நுரையீரல் நோய் ஆகியவை மட்டும் இருந்தால் பாராலிம்பிக் வகைப்பாட்டில் (யார் யாரோடு போட்டியிடலாம் என்று பிரிக்கும் பரிசோதனையில்) தகுதி கிடைக்காது. ஒரு கண்ணில் மட்டும் பார்வை இல்லாமல் மறு கண் நன்றாக இருந்தாலும் கிடைக்காது. இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. கிளப் அளவில் விளையாட இந்தத் தகுதியெல்லாம் தேவையே இல்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

## 2. விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்

இங்கே சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவர்கள் டிவியில் பார்த்த விளையாட்டைத்தான் சொல்வார்கள். என் கணக்கு வேறு: போய்வரக்கூடிய தூரத்தில் ஏற்கனவே என்ன நடக்கிறதோ அதில் தொடங்குங்கள். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். மனசுக்குப் பிடித்த விளையாட்டு இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தால், மூன்றாவது வாரத்தில் உற்சாகம் வடிந்துவிடும்.

செலவையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து ஆடும் வாலிபாலுக்குப் பந்தும் தாழ்வான வலையும் போதும்; வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05 மீட்டர். நீச்சலுக்கு நீச்சலுடை. பளுதூக்குதலில் பெஞ்ச் பிரஸ் மட்டும்தான், அதற்கான பெஞ்ச் கிளப்பில் இருக்கும். சக்கர நாற்காலிப் பந்தயமும் கைச் சைக்கிளும் செலவு பிடிப்பவை. அவற்றின் வண்டி ஒவ்வொருவர் உடலுக்கும் அளவெடுத்துச் செய்யப்படுவது.

கை கால் நான்கிலும் அசைவு மிகக் குறைவு என்பவர்களை, "இவரால் என்ன விளையாட முடியும்?" என்று எல்லாரும் ஒதுக்கிவிடுவார்கள். அவர்கள் போச்சியாவைப் பாருங்கள். வெள்ளைப் பந்துக்கு எவ்வளவு அருகில் தன் நிறப் பந்தைக் கொண்டுபோகிறோம் என்பதுதான் ஆட்டம். ஒரு பக்கத்துக்கு ஆறு பந்து. கையால் எறிய முடியாதவர்கள் சரிவுப் பலகை வழியே உருட்டுவார்கள். தலையில் கட்டிய குச்சியால் பந்தை விடுவிப்பவர்களும் உண்டு. பலகையை நகர்த்த ஓர் உதவியாளர் இருப்பார், ஆனால் அவர் மைதானத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. "இன்னும் இடது பக்கம், கொஞ்சம் உயர்த்து" என்று ஆட்டக்காரர் சொன்னபடிதான் நகர்த்துவார். தன்னைப் பற்றிய முடிவுகளையெல்லாம் வீட்டில் மற்றவர்களே எடுத்துப் பழகிய ஒருவர், இங்கே முதல் தடவையாக இன்னொருவருக்கு உத்தரவு போடுவதைப் பார்க்க வேண்டும்.

பார்வையற்றவர்களுக்குக் கோல்பால், எதிரணியின் கோலுக்குள் பந்தை உருட்டிவிடும் ஆட்டம். மூன்று பேர் கொண்ட அணி, உள்ளே மணி வைத்த 1.25 கிலோ பந்து, எல்லாருக்கும் கண்மறைப்பு. கோடுகளைத் தொட்டு உணர்வதற்காக ஒட்டும் நாடாவுக்கு அடியில் நூல் வைத்து ஒட்டியிருப்பார்கள். ஆட்டம் நடக்கும்போது அரங்கம் அமைதியாக இருக்க வேண்டும். சின்னக் குழந்தையைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

## 3. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

"இவர் விளையாடலாமா?" என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள், "எதற்கு வம்பு?" என்பார்கள். கேள்வியை மாற்றுங்கள்: "விளையாடப் போகிறார், எதில் கவனமாக இருக்க வேண்டும்? எழுதித் தாருங்கள்." அந்தக் கடிதம்தான் பயிற்சியாளருக்கும் பயன்படும்.

குறிப்பாகக் கேட்க வேண்டியவை:

- தண்டுவடத்தில் மார்புப் பகுதி ஆறாம் எலும்பு (டி6) மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால்: ரத்த அழுத்தம் திடீரென ஆபத்தான அளவுக்கு ஏறலாம். நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிப்போன கதீட்டர் குழாய், இறுக்கிக் கட்டிய பட்டை போன்றவை காரணமாகும். கடும் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வியர்ப்பது ஆகியவை அறிகுறிகள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கத்தைத் தளர்த்தி, குழாயைப் பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் அவசர சிகிச்சை. பயிற்சியாளருக்கு இது தெரியுமா என்று கேட்டுவிடுங்கள்.
- அதே ஆட்களுக்கு வெயில்: காயத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது, உடல் சூடு இறங்காது. தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும்.
- டவுன் சிண்ட்ரோம்: கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தளர்ச்சி இருக்கலாம். நடையில் மாற்றம், கழுத்து வலி, கை கால் பலவீனம் ஏதாவது இருந்தால் பரிசோதனைக்கு முன் குட்டிக்கரணமோ டைவிங்கோ கூடாது.
- ஸ்பைனா பைஃபிடா (பிறவியிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாமல் இருப்பது): இவர்களில் பலருக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை உண்டு. நீச்சல் தொப்பி, உடற்பயிற்சி ரப்பர் பட்டை இரண்டையும் கவனியுங்கள்.
- வலிப்பு: நீச்சல் என்றால் பக்கத்திலேயே ஒருவர் இருந்தாக வேண்டும்.

## 4. ஒரு கோப்பு போடுங்கள்

ஒரே கோப்பு. காகிதமாகவும் போனில் ஸ்கேன் செய்தும். உள்ளே இருக்க வேண்டியவை: வயதுச் சான்று, பாஸ்போர்ட் அல்லது அரசு அடையாள அட்டை, அரசின் மாற்றுத்திறனாளி சான்று, முதல் நோயறிதல் அறிக்கை, அறுவைச் சிகிச்சை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சுருக்கம், எக்ஸ்ரே மற்றும் எம்ஆர்ஐ அறிக்கைகள், இப்போது எடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும், மேலே சொன்ன மருத்துவர் கடிதம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல்.

எல்லாக் காகிதத்திலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாருங்கள். முதலெழுத்து முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில், விரித்து எழுதியது இன்னொன்றில் என்று நம்மவர்களுக்கு இது தீராத தலைவலி. பாஸ்போர்ட்டில் உள்ளபடி மற்றதையெல்லாம் இப்போதே திருத்திவிடுங்கள். சர்வதேசப் பதிவு வரை போய்விட்டு மாற்றுவது பெரும்பாடு.

எல்லாரும் விழும் குழி: அரசுச் சான்றில் உள்ள சதவீதத்தை வைத்து விளையாட்டில் எந்த வகுப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சதவீதம் சலுகைகளுக்காகக் கணக்கிடப்பட்டது. விளையாட்டு வகைப்பாடு, அந்தக் குறைபாடு அந்த விளையாட்டின் அசைவுகளை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்ப்பது. 80 சதவீதச் சான்று வைத்திருந்தும் தகுதி இல்லை என்று திரும்பியவர்கள் உண்டு. "சதவீதத்தைக் கூட்டி வாங்கித் தருகிறேன்" என்று வருகிற தரகரைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

## 5. கிளப்புக்குப் போன் செய்யும்போது

உங்கள் நாட்டின் தேசிய பாராலிம்பிக் குழு, அந்த விளையாட்டின் தேசிய சம்மேளனம், மறுவாழ்வு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவு மூன்றையும் கேளுங்கள். என் அனுபவத்தில் மூன்றாவதுதான் வேகமாகப் பதில் சொல்லும். அங்கே வந்துபோகிற பழைய நோயாளிகளில் யாராவது ஒருவர் ஏற்கனவே விளையாடிக்கொண்டிருப்பார்.

போனில் இவற்றைக் கேளுங்கள்: பயிற்சி எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? வாரா வாரம் நடக்குமா, போட்டிக்கு முன் மட்டும்தானா? கழிவறைக் கதவின் அகலம் எவ்வளவு, உள்ளே வீல்சேர் திரும்புமா? இரவலாகக் கொடுக்க உபகரணம் இருக்கிறதா? காப்பீடு யாருடையது? முதல் சில வாரம் கட்டணமில்லாமல் வந்து பார்க்கலாமா?

கழிவறையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "சாய்தளம் இருக்கிறது, எல்லா வசதியும் உண்டு" என்று சொன்ன ஓர் அரங்கில், கழிவறை இரண்டு படி ஏறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. இப்படிப்பட்ட இடத்துக்குப் போவதால் தண்ணீர் குடிக்காமலே பயிற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகத்துக்கு அது நல்லதில்லை.

பக்கத்தில் பாரா கிளப்பே இல்லையென்றால் சாதாரண கிளப்பைக் கேளுங்கள். நீச்சல், டேபிள் டென்னிஸ், வில்வித்தை, பேட்மின்டன் ஆகியவற்றில் இது எளிது. "எங்களுக்கு அனுபவம் இல்லை" என்று தட்டிக்கழித்தால், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் குறித்த ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவைச் சுட்டி எழுத்தில் கேளுங்கள். 2006இல் ஏற்கப்பட்ட அந்த உடன்படிக்கை, பொது விளையாட்டுகளில் எல்லா நிலைகளிலும் பங்கேற்க ஊக்கமளிக்க வேண்டும் என்றும், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குப் பள்ளி விளையாட்டில் மற்றக் குழந்தைகளுக்குச் சமமான வாய்ப்பு வேண்டும் என்றும் அரசுகளைக் கடமைப்படுத்துகிறது. சண்டைக்காரத் தொனி வேண்டாம். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதுவே பல கதவுகளைத் திறக்கும்.

## 6. முதல் நாள்

ஆட்டத்தைவிட நாற்காலி மாறுவதுதான் முதல் நாளின் பெரிய வேலை. விளையாட்டு வீல்சேரின் சக்கரங்கள் கீழ்ப்பக்கம் விரிந்து சாய்ந்திருக்கும், பின்னால் கவிழாமல் தடுக்க ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், பிரேக் இருக்காது. ஏறும்போது அது நழுவும். ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் ஆளுக்கு உதவ வேண்டும். இடுப்பு, தொடை, பாதம் மூன்றையும் பட்டையால் கட்டுவார்கள். தம்பி முதல் தடவை சக்கரத்தைத் தள்ளியபோது வட்டமடித்துக்கொண்டே இருந்தான். வலது கையில் வலு அதிகம் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிட்டம், இடுப்பெலும்பு, குதிகால் மூன்றையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மாறாவிட்டால் அடுத்த பயிற்சிக்குப் போக வேண்டாம். உணர்ச்சியில்லாத இடத்தில் படுக்கைப் புண் தொடங்குவது வலியில்லாமல்தான். செயற்கைக் கால் போட்டவர்கள் அடிக்கட்டையின் தோலை இதேபோலப் பாருங்கள்.

கூட வந்தவருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி தொடங்கியதும் வெளியே போய் உட்காருங்கள். பயிற்சியாளர் ஆட்டக்காரரைக் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அம்மாக்களுக்கு இது சிரமம், தெரியும்.

## 7. எதற்கு எப்போது செலவு செய்வது

முதல் ஆறு மாதத்தில் சொந்த விளையாட்டு வீல்சேர் வாங்காதீர்கள். உடம்பு மாறும், உட்காரும் கோணம் மாறும், ஆடும் இடம் மாறும். வகைப்பாடு முடிந்த பிறகுதான் எவ்வளவு உயர இருக்கை, எங்கே பட்டை என்பதெல்லாம் தெளிவாகும். அதுவரை கிளப்பின் இரவல் நாற்காலியே போதும். வளரும் பிள்ளைகளுக்கு நீட்டிச் சுருக்கும் வசதியுள்ள சட்டம் பார்க்கலாம். நன்கொடையாளர் ஒருவர் புது நாற்காலி வாங்கித் தருகிறேன் என்றாலும் அளவெடுக்காமல் வாங்க விடாதீர்கள். இடுப்பு அகலத்துக்கு இரண்டு விரல் பெரிதான நாற்காலியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு ஒருபக்கமும் வண்டி ஒருபக்கமுமாகப் போகும்.

பலர் கணக்கில் விடுவது பயணச் செலவு. வாரம் இரண்டு முறை, உதவியாளரோடு, ஏறி இறங்க வசதியான வண்டியில் போய்வருவது ஒரு வருடத்தில் உபகரணச் செலவைத் தாண்டிவிடும். உதவி கேட்கும் விண்ணப்பம் எழுதும்போது இதைத் தனி வரியாகக் காட்டுங்கள். டயர், டியூப், கையுறை, மெத்தை உறை என்று தேய்ந்துபோகிறவற்றுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள்.

## 8. கலந்து ஆடும் இடங்களைத் தேடுங்கள்

மாற்றுத்திறனாளிகள் மட்டும் சேர்ந்து ஆடுவதில் ஒரு நிம்மதி உண்டு. அங்கே யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை, கதீட்டர் பையைப் பற்றிச் சாதாரணமாகப் பேசலாம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அது மட்டும்தான் என்றால், விளையாட்டு இன்னொரு தனி அறையாகிவிடும். இரண்டும் வேண்டும்.

வீல்சேர் கூடைப்பந்தில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அசைவுத் திறனைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை புள்ளி; பாதிப்பு கூடக்கூடப் புள்ளி குறையும். களத்தில் உள்ள ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. அதனால் குறைந்த புள்ளிக்காரர் இல்லாமல் அணியே அமையாது. கடுமையான பாதிப்புள்ளவரை அணி தேடிப்பிடிக்கும். பரிதாபப்பட்டுச் சேர்ப்பது என்ற பேச்சுக்கே விதி இடம் கொடுக்கவில்லை. கனடா, ஜெர்மனி போன்ற நாடுகளின் உள்நாட்டு லீகுகளில் மாற்றுத்திறன் இல்லாதவர்களும் வீல்சேரில் உட்கார்ந்து ஆடலாம். வீல்சேர் ரக்பியில் ஆணும் பெண்ணும் ஒரே அணி. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் 'யூனிஃபைட்' அணிகளில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்தே பயிற்சி எடுத்து, சேர்ந்தே ஆடுகிறார்கள்.

முழுப் பார்வையின்மைக்கான 'டி11' என்ற தடகள வகுப்பின் ஓட்டத்தில் வழிகாட்டி ஓட்டக்காரர் கட்டாயம். இருவர் கையையும் ஒரு சின்னக் கயிறு இணைத்திருக்கும். வழிகாட்டி, ஆட்டக்காரருக்கு முன்னால் எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது. வேகமாக ஓடத் தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் இப்போதே கேட்டு வையுங்கள், நல்ல வழிகாட்டி கிடைப்பது குதிரைக்கொம்பு.

உங்கள் கிளப்பில் கலப்பு ஆட்டம் இல்லையென்றால் உட்கார்ந்து ஆடும் வாலிபாலைப் பரிந்துரையுங்கள். எல்லாரும் தரையில் உட்கார்ந்த பிறகு யாருக்குக் கால் இருக்கிறது என்பது ஆட்டத்துக்குப் பொருட்டே இல்லை. பந்தைத் தொடும்போது இடுப்பு தரையைவிட்டு எழக்கூடாது என்பது விதி. நடந்து பழகியவர்கள்தான் இதில் மாட்டிக்கொண்டு விழிப்பார்கள்.

## 9. வகைப்பாடு

போட்டிக்குப் போக நினைத்தால் மட்டுமே இது. யார் யாரோடு போட்டியிடலாம் என்று பிரிப்பதுதான் இதன் வேலை. தடகளத்தில் 'டி' ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும், 'எஃப்' எறிதலுக்கும். 11 முதல் 13 வரை பார்வை, 20 அறிவுசார், 31 முதல் 38 வரை தசை இறுக்கமும் அசைவு ஒருங்கிணைப்பும், 40, 41 உயரக் குறைவு என்று போகும். நீச்சலில் ஒரே ஆளுக்கு ஃப்ரீஸ்டைலில் ஒரு வகுப்பும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் வேறு வகுப்பும் இருக்கலாம். ஒரு விளையாட்டில் தகுதி கிடைத்ததால் இன்னொன்றிலும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச அளவு வேறு. தடகளத்தில் கால் நீள வேறுபாடு 7 செ.மீ. இருக்க வேண்டும், எக்ஸ்ரேயில் 6 என்று வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

படிவம். மருத்துவ நோயறிதல் படிவத்தை அந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பின் தளத்திலிருந்து எடுத்து, மருத்துவரே நிரப்பிக் கையொப்பமிட வேண்டும். சர்வதேசப் போட்டி என்றால் ஆங்கிலத்தில். வெறும் படிவம் போதாது. தண்டுவடக் காயத்துக்கு உணர்ச்சியையும் தசை வலுவையும் பார்க்கும் ஏஷியா (ASIA) அளவீடு, நரம்புப் பாதிப்புக்குத் தசையின் மின்பரிசோதனையான இஎம்ஜி, கால் நீளத்துக்கு எக்ஸ்ரே என்று ஆதாரம் இணைக்க வேண்டும். பார்வைப் படிவமும் அதன் பரிசோதனைகளும் பரிசோதனை நாளன்று 12 மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அறிவுசார் குறைபாட்டுக்கு உளவியலாளரின் முழு அறிக்கை: நுண்ணறிவு ஈவு 75 அல்லது அதற்குக் கீழ், அன்றாட வாழ்வுத் திறன்களில் குறை, அது வளர்பருவத்திலேயே தெரிந்தது என்ற மூன்றும். இதில் அவர்கள் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2000 சிட்னி பாராலிம்பிக்கில் ஸ்பெயின் கூடைப்பந்து அணி குறைபாடு இல்லாதவர்களை இறக்கி மாட்டிக்கொண்டதால், இந்தப் பிரிவே 2012 லண்டன் வரை நிறுத்தப்பட்டிருந்தது.

மருத்துவர் "வலது கால் பலவீனம்" என்று ஒரு வரியில் எழுதித் தந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். நோயின் பெயர், எப்போது தொடங்கியது, நிரந்தரமா, மாறக்கூடியதா, எந்தத் தசை எந்த அளவு என்று விவரமாக வேண்டும். காகிதம் போதாதென்றால் அங்கே போயும் வகைப்பாடு பாதியில் நிற்கும். பயணச் செலவும் வீண்.

அந்த நாள். குறைந்தது இரண்டு வகைப்பாட்டாளர்கள் இருப்பார்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் போட்டுப் போங்கள். விளையாட்டு நாற்காலி, பட்டை, கையுறை, செயற்கைக் கால் எல்லாம் கூடவே. துணைக்கு ஒருவரை அனுமதிப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். படுக்க வைத்து ஒவ்வொரு தசையையும் தள்ளச் சொல்லி 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள், கோணமானி வைத்து மூட்டை அளப்பார்கள். பிறகு ஆடிக் காட்டச் சொல்வார்கள். தேவைப்பட்டால் போட்டியின் முதல் ஆட்டத்தையும் கவனித்துவிட்டுத்தான் இறுதி முடிவு.

"கொஞ்சம் குறைத்துக் காட்டு, நல்ல வகுப்பு கிடைக்கும்" என்று சொல்ல ஆள் வரும். கேட்காதீர்கள். வேண்டுமென்றே திறனை மறைப்பது தடை விதிக்கப்படும் குற்றம். அதே ஆட்டக்காரரைக் களத்தில் பார்க்கப்போகிறார்கள் என்பதை இந்த யோசனை சொல்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

முடிவு. வகுப்போடு ஒரு நிலையும் தருவார்கள்: உறுதியானது, மறுபடி பார்க்க வேண்டியது, குறிப்பிட்ட ஆண்டில் பார்க்க வேண்டியது. வளரும் பிள்ளைகளுக்கும் மாறும் நோயுள்ளவர்களுக்கும் பெரும்பாலும் பின்னிரண்டில் ஒன்றுதான். அந்த ஆண்டை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். முடிவில் உடன்பாடில்லை என்றால் எதிர்ப்பு மனு உண்டு. பெரும்பாலும் தேசிய அமைப்பு வழியாக, கட்டணம் கட்டி, மிகக் குறுகிய நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதனால் அணி மேலாளரின் போன் எண் இல்லாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள். உள்நாட்டில் கிடைத்த வகுப்பு சர்வதேசப் போட்டியில் தானாகச் செல்லாது, அங்கே மறுபடி பார்ப்பார்கள்.

## 10. மருந்துப் பட்டியலைச் சரிபாருங்கள்

உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் தேதி புதுப்பிக்கப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் பலர் தினமும் எடுக்கும் மருந்துகள் அதில் உண்டு: சிறுநீர் பெருக்கி மாத்திரைகள், இன்சுலின், சில ஸ்டீராய்டுகள். வில்வித்தையிலும் துப்பாக்கி சுடுதலிலும் பீட்டா பிளாக்கர் வகை ரத்த அழுத்த மாத்திரைகளும் கூடாது. மருந்தை நிறுத்த வேண்டாம், மருத்துவக் காரணத்துக்கான விலக்கு கேட்க வேண்டும். போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக விண்ணப்பியுங்கள். யாரோ தந்த புரோட்டீன் பவுடரையும் மூலிகை லேகியத்தையும் தொடாதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடக் காயம் உள்ளவர்கள் வேண்டுமென்றே ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு ஆடுவதையும் சர்வதேச பாராலிம்பிக் குழு தடைசெய்திருக்கிறது. உயிருக்கே ஆபத்து அது.

## 11. முதல் போட்டிக்கான நாட்காட்டி

போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆறு மாதம் முன்: பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனைகளுக்கான முன்பதிவு (எம்ஆர்ஐக்கும் உளவியலாளருக்கும் காத்திருப்பு நீளமானது), தேசிய அமைப்பில் பதிவு. மூன்று மாதம் முன்: நிரப்பிய மருத்துவப் படிவம் கையில் இருக்க வேண்டும். ஆறு வாரம் முன்: படிவம் இணையத்தில் ஏறியிருக்க வேண்டும், பல விளையாட்டுகளில் இதுதான் கெடு. ஒரு மாதம் முன்: மருந்து விலக்கு. சர்வதேசப் போட்டிகளில் ஆடுவதற்கான உரிமம் ஆண்டுக்காண்டு புதுப்பிக்க வேண்டியது, அதைத் தேசிய அமைப்புதான் செய்யும். செய்துவிட்டார்களா என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வகைப்பாடு போட்டிக்கு முந்தைய நாட்களில் நடக்கும். பயணச்சீட்டைப் போட்டித் தேதியை வைத்து எடுக்காமல் வகைப்பாட்டுத் தேதியை வைத்து எடுங்கள். நேரம் தவறினால் ஆட முடியாமல் போகலாம்.

விமானம் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பே வீல்சேரின் எடை, அளவு, மின்கல வகை எல்லாம் சொல்லிவிடுங்கள். இருக்கை மெத்தையைக் கழற்றிக் கையோடு உள்ளே எடுத்துப்போங்கள். அது தொலைந்தால் போன ஊரில் கிடைக்காது, அது இல்லாமல் உட்காரவும் முடியாது. ஒப்படைக்கும் முன் நாற்காலியை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். இறங்கியதும் விமான நிலையத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள், வளைந்திருந்தால் அங்கேயே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள்.

போட்டி முடிந்து ஊர் திரும்பியதும் ஒரு வேலை பாக்கி இருக்கும். சர்வதேச அமைப்பின் தளத்தில் வகைப்பாட்டுப் பட்டியல் வெளியாகும். அதில் பெயர், பிறந்த ஆண்டு, வகுப்பு, நிலை நான்கும் சரியா என்று பாருங்கள். தவறு இருந்தால் அடுத்த போட்டிக்குப் பதிவு தொடங்கும் முன் தேசிய அமைப்பு வழியாகத் திருத்தச் சொல்லுங்கள்.